மேகத்துக்குள் பார்வையிட்ட இடம்

டெண்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பத்துக் குறிப்புகளாக இருந்தால் சுவரில் ஒட்டிவைக்க வசதி என்றும் சொன்னார்கள். எவ்வளவு யோசித்தும் எனக்குப் பத்து தேறவில்லை. படிவங்களை அடுக்குவது, விலைகளைக் கூட்டிச் சரிபார்ப்பது, கடைசி நேரத்தில் ஒளிந்துகொள்ளும் சான்றிதழைத் தேடிப் பிடிப்பது, இதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகவே செய்கிறது. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு கல்லைப் பற்றித்தான். எலுமிச்சம்பழ அளவில் ஒரு சில்லு. அதை வைத்து நான் செய்த தப்பைச் சொல்கிறேன், சுவரில் ஒட்ட முடியாவிட்டால் பரவாயில்லை.

நான் செண்பகனூர்க்காரி. எழுபதுகளின் பின்பாதியில், டைப்பிங் ஹையர் பாஸ் செய்த கையோடு, ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பேக்கரிக்கு மேலே மாடியில் ஒரே அறை. ஒரு டைப்ரைட்டர், இரண்டு மேசை, கண்ணாடி உடைந்த ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக மேகம் அறைக்குள்ளேயே வந்துவிடும். கீழே ரொட்டி வேகிற வாசனையும் மேலே மேகமுமாக, பாதி நாள் நான் தூங்குகிறேனா வேலை பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாது. ஐப்பசியில் கார்பன் பேப்பர் நமத்துப் போய்த் துணி மாதிரி தொங்கும். ஒட்டாமல் வைத்த கவர்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். டெண்டர் கவருக்கு வைக்கிற அரக்கு, குளிரில் சட்டென்று இறுகி, லேசாக வளைத்தாலே விண்டுவிடும். அதனால் கவரைக் குழந்தையைத் தூக்குவதுபோல மடியில் படுக்கவைத்துத்தான் கீழே கொண்டு போக வேண்டும். எங்களுக்குக் 'கீழே' என்றால் சமவெளி. ஆபீஸ், ஆஸ்பத்திரி, வெயில் எல்லாம் அங்கேதான்.

முதலாளி முன்கோபி. பேர் சொல்லவில்லை, அவருக்குப் பிடிக்காது. ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலைக்கு விலை போட்டாலும் அந்த இடத்துக்கு அவரே நடந்து போவார். அங்கேயிருந்து ஒரு பிடி மண்ணும் ஒரு துண்டுக் கல்லும் எடுத்து வந்து, பேப்பரில் பரப்பி மேசை மேல் வைத்துக்கொண்டுதான் விலைகளைச் சொல்லுவார். நான் எழுதுவேன். மண்ணை விரலால் நெருடிக்கொண்டே, "இது தண்ணி குடிக்கும்மா, அடிமானத்துக்குக் கூடப் போடு" என்பார். கல்லை ஆணியால் கீறிப் பார்த்து, நாக்கில் வைத்துக்கூடப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் போட்ட விலையில் அந்த வேலை நடந்து முடியும் என்பதில் மலையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த ஐப்பசியில் அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வந்தது நடைப்பாலம் டெண்டர்.

கிளாவரைப் பக்கம், பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து பாதி நாள் நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். ஊருக்கும் வழிக்கும் நடுவே ஓர் ஓடை. மழைக்காலத்தில் ஓடை நிறைந்துவிட்டால் மூட்டைகள் அந்தப் பக்கமே கிடந்து அழுகும். அந்த ஓடைமேல் கல்லால் கால்கள் கட்டி ஒரு நடைப்பாலம் போட வேண்டும். அதுதான் வேலை.

எங்களுக்கு அந்த வேலை ரொம்பவே தேவையாக இருந்தது. எங்கள் கொத்தனார்கள் பன்னிரண்டு குடும்பம். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அங்கே இருக்க முடியாமல் கப்பல் ஏறி இங்கே வந்தவர்கள். செண்பகனூர்ச் சரிவில் தகரம் வேய்ந்து குடியிருந்தார்கள். கல் வேலையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் இரண்டு மாதமாகக் கையில் வேலை இல்லை. கேரளா பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள், அடுத்த திங்கட்கிழமை லாரி வரும் என்று செய்தி வந்திருந்தது. "டெண்டர் முடியட்டும், அதுவரைக்கும் பொறுங்க" என்று முதலாளி அவர்களைப் பிடித்து வைத்திருந்தார். டெண்டர் கிடைத்தால் அந்த மாதமே வேலை ஆரம்பம், பன்னிரண்டு குடும்பமும் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் லாரி. ஒருமுறை சிதறிப் பிழைத்து ஒன்றாகச் சேர்ந்தவர்கள், இன்னொரு முறை சிதற வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்தான் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு அது வெறும் டெண்டராக இல்லை.

இடத்தைப் பார்க்க என்னை அனுப்பினார் முதலாளி. "கால் இருக்குதுல்ல ஒனக்கு? நடந்து போய்ப் பாத்துட்டு வெரசா வா" என்றார்.

பஸ் நின்ற இடத்தில் பூவாயி கிடைத்தார். என் வயதுதான் இருக்கும். அந்த ஊர்ப் பூண்டுக்காரி. உப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் பின்னாலேயே நடந்தேன். ஒரு மணி நேரத்தில் மேகம் இறங்கிவிட்டது. முன்னால் போகிற பூவாயியின் குதிகால் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. சேலை உரசுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஓர் இடத்தில் சத்தம் நின்றது.

"இதான்க்கா ஓடை. நான் மூட்டைய எறக்கிப் போட்டுட்டு, புள்ளைக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்துர்றேன். நீங்க இங்கனயே இருங்க. அங்கிட்டு இங்கிட்டு நகராதீங்க, மேகம் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் இன்னும் கனவில் காண்பதுண்டு. ஓடை எங்கேயோ கீழே பேசிக்கொண்டிருந்தது. என் கையை நீட்டினால் விரல்கள் தெரியவில்லை. பயமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. உலகத்தில் வேறு யாருமே இல்லை, டெண்டரும் இல்லை, நானும் கொஞ்சம்தான் இருக்கிறேன் என்பதுபோல ஒரு சுகம். தடவிக்கொண்டே போனதில் ஒரு பாறை கையில் தட்டியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நல்ல பெரிய பாறைகள். டெண்டர் விட்ட துறை கொடுத்த மதிப்பீட்டில் 'கல் இடத்திலேயே கிடைக்கும்' என்று எழுதியிருந்தது சரிதான் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். பெரிய பாறைமேல் ஏறி உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன ரொட்டியையும் முட்டையையும் சாப்பிட்டேன். பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன். காலடியில் கிடந்த சில்லு ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

பூவாயி வந்து என்னைத் திரும்பக் கூட்டிப் போனபோதும் மேகம் விலகவில்லை. போகும்போது பார்க்காததை வரும்போதும் பார்க்கவில்லை.

முதலாளி சில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. ஈரத்தில் வாசனை எதுவும் இல்லை. ஆணியால் கீறினார். "நல்ல கெட்டிக் கல்லு. மஞ்ச ஓடுன சாதி போலருக்கு. இம்புட்டும் ஓடைக்கரையிலயே கெடக்குதா?"

"ஆமாங்க முதலாளி, பெருசு பெருசா."

"அப்ப குதிரைச் சுமை மிச்சம். நமக்குத்தான் டெண்டர்" என்றார். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்.

கல் இடத்திலேயே கிடைத்தால், சுமக்கிற செலவு இல்லை. இல்லையென்றால் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துக் குவாரியிலிருந்து ஒவ்வொரு கல்லையும் குதிரை முதுகில் பாதி நாள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். விலை எங்கேயோ போய்விடும். அந்தச் சில்லை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் அத்தனை விலைகளையும் எழுதினோம். கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி உண்டு. உங்கள் படிவங்களிலும் இருக்கும், படிக்காமல் டிக் அடிப்பீர்கள். 'பணி நடைபெறும் இடத்தை நேரில் பார்வையிட்டு, அதன் நிலைமைகளை முழுமையாக அறிந்துகொண்டேன்.' போனவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அவருடைய கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். பேனா ஒரு நொடி நின்றது. போனது உண்மை, நின்றது உண்மை, உட்கார்ந்து சாப்பிட்டதுகூட உண்மை. பார்த்தேனா? அவ்வளவு நுணுக்கமாக யார் கேட்கப் போகிறார்கள் என்று போட்டுவிட்டேன்.

டெண்டர் நாள் வியாழக்கிழமை. மதியம் மூன்று மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். வெள்ளனே, மேசைமேல் கிடந்த சில்லையும் ராசிக்காகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பி, அரக்கு வைத்த கவரை மடியில் படுக்கவைத்து, பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே பூவாயி உட்கார்ந்திருந்தார். பஸ் கூரைமேல் அவருடைய பூண்டு மூட்டைகள், கீழே சந்தைக்கு.

"மேகத்துக்குள்ள வந்த அக்காதானே நீங்க? பாலம் வந்துருமா?"

"வந்துரும் பூவாயி. கல்லுதான் அங்கேயே கெடக்குதே, செலவு கம்மி."

"எங்கன கெடக்கு?"

"ஓடைக்கரையில. நீ என்னை விட்டுட்டுப் போனியே, அங்கேதான்."

பூவாயி என்னையே பார்த்தார். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். இத்தனை நாள் மேசைமேல் காய்ந்து கிடந்ததில் அந்த மஞ்சள் நன்றாக எடுப்பாகத் தெரிந்தது. பூவாயி இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது எங்க சாமி மேல உள்ள மஞ்சளாச்சேக்கா. பூண்டு புடுங்கி முடிச்சதும் ஊரே கூடி மஞ்சள் பூசுவோம். ஏழு பேரு இருக்காங்க அங்கன. உளி படக் கூடாது அவங்க மேல. பூசயில வெளக்குகூட உலோகத்துல வைக்க மாட்டோம், மண்ணுலதான் வைப்போம்."

"நான் உக்காந்து ரொட்டி சாப்பிட்டேனே!"

"மேகத்துக்குள்ள யாரு என்ன செஞ்சா யாருக்குத் தெரியும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவங்கள ஒடைச்சுத்தான் பாலம்னா எங்களுக்குப் பாலம் வேணாம்க்கா. மூட்டை அழுகிட்டுப் போகுது" என்றார்.

பஸ் பெருமாள்மலையைத் தாண்டி இறங்கியது. மேகம் மேலேயே தங்கிவிட்டது. வளைவுக்கு வளைவு கீழே சமவெளி துலக்கமாக விரிந்துகொண்டே வந்தது, ஒவ்வொரு தென்னையும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணுக்கு எட்டும் தூரம்வரை எல்லாமே தெரிந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டியபோது தெரியாமல் இப்போது தெரிந்து என்ன?

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கவரை உடைத்து விலையைத் திருத்தலாம் என்றால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் முதலாளி கையெழுத்து வேண்டும், அவர் மலைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார். திருத்தினாலும் பயனில்லை. மற்ற கான்ட்ராக்டர்கள் எல்லோரும் துறையின் மதிப்பீட்டை நம்பிக் கல் அங்கேயே கிடைக்கும் என்றுதான் விலை போட்டிருப்பார்கள், நாங்கள் மட்டும் உண்மை விலை போட்டால் தோற்றுப் போவோம். 'கல் கிடைக்காது' என்று ஒரு கடிதம் சேர்த்து வைத்தால் நிபந்தனை போட்ட டெண்டர் என்று தள்ளிவிடுவார்கள். அப்படியே போட்டுவிட்டால் ஜெயித்துவிடுவோம். பன்னிரண்டு குடும்பமும் இருக்கும். கல் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' இருக்கிறதே, அதை நம்பித்தான் பாதி டெண்டர்கள் பெட்டிக்குள் விழுகின்றன.

பூவாயி சந்தைக்கு இறங்கிக்கொண்டார். போகும்போது சில்லை என் கையில் திருப்பி வைத்தார். "வச்ச எடத்துல நீங்களே வச்சுருங்க. எடுத்த கைதான் வைக்கணும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தபாலாபீஸ். பேக்கரிக்கு டிரங்க் கால் போட்டேன். முதலாளி நொண்டிக்கொண்டு இறங்கி வந்து பேசுவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன்.

"நீ பாக்கவே இல்லயா?" என்றார்.

"இல்லைங்க முதலாளி. மேகமா இருந்துச்சு."

"அப்ப எதுக்கும்மா கையெழுத்துப் போட்ட?" கோபமாகக்கூட இல்லை அந்தக் குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பன்னெண்டு குடும்பம் இருக்கு, ரெஜினா. நீ..." லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டுக் கேட்டிருக்கலாம். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் போடு என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஆபீஸ் வராந்தாவில் ஸ்டூல்மேல் டெண்டர் பெட்டி. பச்சைப் பெயின்ட், மேலே ஒரு நீளத் துளை. சுற்றிலும் கான்ட்ராக்டர்கள், வெள்ளை வேட்டிகள், ஒரே புகை. பெண்பிள்ளை நான் ஒருத்திதான். பெட்டியின் முன்னால் போய் நின்றேன். கவரை எடுத்துத் துளைக்கு நேராகப் பிடித்தேன். கவர் லேசாக வளைந்ததில் அரக்கில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. அதைக் குனிந்து பொறுக்கும்போது, போன ஞாயிற்றுக்கிழமை பெருக்கல் வாய்ப்பாட்டில் திணறிய பிள்ளைகளின் முகம் வந்தது. கவரைத் திரும்ப மார்போடு அணைத்துக்கொண்டு இன்ஜினியர் அறைக்குள் போனேன்.

"கவரை வெளியில போடுங்க. பேசறதெல்லாம் அப்புறம்" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

"போட்டப்புறம் பேசினா எங்க வசதிக்குப் பேசினதா ஆயிரும் சார். அதான் போடறதுக்கு முன்னாடி வந்தேன்."

கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். பார்க்காமலே பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவர் சில்லை எடுத்தார். நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் மஞ்சள் ஏறியது. மூக்கருகே கொண்டு போனார். அவருக்கும் எங்கோ ஓர் ஊரும் ஊர்ச்சாமியும் இருந்திருக்க வேண்டும். அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, அங்கே கல் எடுக்க முடியாது, மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், டெண்டர் தள்ளிவைக்கப்படுகிறது என்று சொன்னார். மணி இரண்டே முக்கால்.

"இந்தம்மா வீட்டோட இருந்திருந்தா எல்லாருக்கும் நல்லது" என்றார் ஒருவர். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். பாதி மலையில் மேகம் மறுபடி எங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. முதலாளி வீட்டுக்குப் போகாமல் நேராகச் சரிவில் இறங்கி மேஸ்திரி முனியாண்டி வீட்டுக்குப் போனேன். அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் தலைவர் அவர். தகரக் கொட்டகை வாசலில் உளிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எந்த வேலைக்குப் போனாலும் உளி கூராக இருக்க வேண்டுமே. சொன்னேன். வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று இருந்தது எனக்கு.

"திரும்ப எப்ப வரும் தங்கச்சி, அந்த டெண்டர்?"

"தெரியல மேஸ்திரி. மாசக்கணக்கா ஆகலாம்."

"அம்புட்டு நாள் எல்லாராலயும் இருக்க ஏலாதே. புள்ளைங்க இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கையை நீட்டினார். சில்லைக் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கொடுத்தேன். அவருடைய உள்ளங்கையில் அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

"எங்க தோட்டத்துலயும், நாங்க குடியிருந்த லயத்துக்குப் பின்னால, ஒரு கல்லுதான் முனியாண்டி. அவர் பேருதான் எனக்கு. வாரப்ப கப்பல்ல ஏத்திட்டு வர ஏலுமா? விட்டுட்டு வந்தோம்" என்றார். பிறகு தீட்டிக்கொண்டிருந்த உளியைக் கீழே வைத்தார். "நீங்க அந்தக் கவரைப் போட்டிருந்தா, பொறகு அங்க உளியோட போய் நின்னிருக்கப் போறது நான்தான் தங்கச்சி. நீங்க இல்ல, மொதலாளியும் இல்ல."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. காகிதத்தில் நான் எழுதுகிற ஒரு விலை, யாரோ ஒருவர் கையில் உளியாகப் போய் நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நீங்கள் ஒட்டிவைக்க ஏதாவது வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. ஐந்து குடும்பங்கள் ஏறின. பிள்ளைகள் எனக்குக் கையசைத்தார்கள், அவர்களுக்கு அது ஊர் சுற்றப் போகிற சந்தோஷம். லாரி முதல் வளைவிலேயே மேகத்துக்குள் போய்விட்டது. சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களில் யாரையும் அதன்பிறகு நான் பார்க்கவில்லை. செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மேஸ்திரியும் மற்ற ஆறு குடும்பங்களும் சின்னச் சின்னச் சுவர் வேலைகள் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கினார்கள். முதலாளி நாலு மாதம் என்னை 'ரெஜினா' என்று கூப்பிடவில்லை, 'ஏங்க' என்று கூப்பிட்டார். அவர் கொடுத்த தண்டனைகளிலேயே அதுதான் பெரியது.

டெண்டர் மறுபடி மாசியில் வந்தது. அது எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழேயிருந்து வந்த ஒருவர் எங்களைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தார். ஆனால் மலையில் கல் வேலைக்கு அவருக்கு ஆள் கிடையாது. மேஸ்திரியைத்தான் தேடி வந்தார். குவாரியிலிருந்து குதிரைகள் கல் சுமந்தன. ஏழு குடும்பமும் அந்தப் பாலத்தில்தான் அந்த வருஷம் பிழைத்தன.

அந்த இரண்டாவது டெண்டருக்கு விலை எழுதும் முன் ஒருநாள் காலையில் முதலாளி, "ரெஜினா" என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டதே எனக்குப் போதும். "போய்ப் பாத்துட்டு வா. மேஸ்திரியையும் கூட்டிட்டுப் போ."

மாசி மாதத்து மலை துடைத்துவைத்த கண்ணாடி. நடக்க நடக்க ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. ஓடைக்கரையில் பூவாயி எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். ஏழு கற்களும் வரிசையாக, ஊரைப் பார்த்தபடி. நடுவில் இருந்தது பெரியது, நான் உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் பத்தடி தள்ளி, கரை செங்குத்தாக ஓடைக்குள் இறங்கியது. அன்றைக்கு மேகத்துக்குள் இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"பெரியவர்தான் ஒங்கள உக்கார வச்சுக்கிட்டாரு" என்றார் பூவாயி, பூண்டு விலை சொல்வதுபோலச் சாதாரணமாக. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

மேஸ்திரி உளிப் பையைத் தூரத்தில், வழியோரமாக வைத்துவிட்டு வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். யாரை நினைத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. நான் கைக்குட்டையை அவிழ்த்து, சில்லைப் பெரிய கல்லின் காலடியில், எடுத்த இடத்திலேயே வைத்தேன். பிறகு மண்ணை எடுத்தேன், அகலத்தை அளந்தேன், எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தேன்.

மாடி அறைக்கு வந்து உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போட்டபோது பேனா நிற்கவில்லை.